இரண்டு சந்து தள்ளி அவள்

எங்களைவிட்டு விலகிப் போனவளுடைய அமைப்பு சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்கே வந்துவிட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தேக்கா சந்தையில் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு எங்கள் அறைக்கு நடந்து வரும்போது நானே பார்த்தேன். எங்களிடமிருந்து இரண்டு சந்து தள்ளி, முன்பு துணிக்கடையாக இருந்த கடைவீட்டின் தரைத்தளம். புதுக் கண்ணாடிக் கதவு. அதன்மேல் மஞ்சள் நிறப் பெயர்ப்பலகை. வாசலில் கட்டிய வாழைமரம் இன்னும் வாடியிருக்கவில்லை. கதவருகே முகத்தைக் கொண்டுபோய் உள்ளே எட்டிப் பார்த்தேன். வரிசையாக நாற்காலிகள், எல்லாம் ஒரே நிறம். எங்கள் அறையில் ஒரு நாற்காலியைப் போல இன்னொன்று இருக்காது.

கண்ணாடியில் என் மூக்கு பட்ட தடத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு நடந்தேன்.  

எங்களுடையது ஒரு சின்ன அறநிறுவனம். மளிகைக்கடைக்கு மேல், குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் ஒரு அறை. வேலையிடத்தில் அடிபட்ட வெளிநாட்டு ஊழியர்களுக்குத் துணையாக இருப்பதுதான் எங்கள் வேலை. மருத்துவமனைக்குக் கூடவே போவோம். டாக்டர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வோம். கையெழுத்துப் போடச் சொன்னால் அதைப் படித்துச் சொல்வோம். ஊருக்குத் திரும்பிய பிறகும் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாக ஃபோன் செய்து, கால் எப்படி இருக்கிறது, அங்கே மருந்து கிடைக்கிறதா, வேலை ஏதாவது பார்க்கிறீர்களா என்று கேட்போம். சம்பளத்துக்கு இருந்தவள் நான் ஒருத்திதான். தலைவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலை திருப்பலி முடிந்து நேராக அறைக்கு வந்துவிடுவார். மற்ற எல்லாரும் தொண்டூழியர்கள்.

அவளும் அப்படி வந்தவள்தான். இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். எனக்குப் படிப்படியாகத்தான் ஆட்களிடம் பேச்சு வரும். அவளுக்கு அப்படியில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் கட்டிலருகே போய் உட்கார்ந்து, "என்னா சாப்டீங்க?" என்று கேட்பாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் தன் தங்கை கல்யாணம் தள்ளிப்போன கதை வரைக்கும் சொல்லிவிடுவார். அதே கேள்வியை நான் கேட்டால், "சாப்ட்டேன்கா" என்பதோடு முடிந்துவிடும்.

அப்போது எனக்கு அதில் வருத்தமில்லை. அவள் என் தோழி. அவள் வீடு உட்லண்ட்ஸில், என் வீடு சுவா சூ காங்கில். லிட்டில் இந்தியாவிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வழியாக நான் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனாலும் அவளோடு பேசிக்கொண்டு போகவேண்டும் என்பதற்காக வடக்கே சுற்றிப் போகும் ரயிலில் ஏறுவேன். அவள் உட்லண்ட்ஸில் இறங்கிய பிறகு கிராஞ்சி தாண்டி நான் மட்டும் போவேன். வீட்டில் கேட்டால் ரயிலில் கூட்டம் என்று சொல்லிவைப்பேன்.

பிறகு அவள் விலகிப் போனாள். சண்டையெல்லாம் இல்லை. ஒரு கூட்டத்தில், "கால் ஒடிஞ்சவங்கள மாடி ஏற வைக்கிறோமே, இது நல்லாவா இருக்கு?" என்று கேட்டாள். கீழே பெரிய இடம் பார்க்கலாம், ஊழியர்களுக்கு ஆங்கிலம், கணினி, வேலைப் பாதுகாப்பு எல்லாம் சொல்லிக் கொடுக்கலாம், வாரநாள் மாலையிலும் திறந்து வைக்கலாம் என்றாள். வாடகைக்கு எங்கே போவது என்று தலைவர் கேட்டார். நானும் தலைவர் பக்கம் தலையாட்டினேன். அவள் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வெளியே போய், தான் சொன்னதை அப்படியே செய்துகாட்டினாள். என்னால் பொறுக்க முடியாமல் போனது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. சொன்னதைச் செய்ய முடியாமல் திரும்பி வந்திருந்தால் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருப்பேன்.

கண்ணாடிக் கதவைப் பார்த்த நாளிலிருந்து அவளுடைய அமைப்பின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. காலையில் காப்பி கொதிக்கும்போது பார்ப்பேன். பேருந்துக்கு நிற்கும்போது பார்ப்பேன். பொங்கலுக்கு அவர்கள் எடுத்த படங்களில் எங்கள் தொண்டூழியர்கள் இரண்டு பேர் கரும்போடு நின்றார்கள். பல்கலைக்கழக மாணவிகள். தேர்வு இருக்கிறது, வரமுடியாது என்று என்னிடம் சொன்னவர்கள். அடுத்த ஞாயிறு எங்கள் அறைக்கு வந்தபோது நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கும்போது வழக்கமாகப் போடும் இஞ்சியைப் போடவில்லை. என்னால் முடிந்த பழிவாங்கல் அவ்வளவுதான்.

அந்த ஆண்டு எல்லாருக்கும் சிரமமாகத்தான் இருந்தது. கடைகளில் விலை ஏறிக்கொண்டே போனது. நன்கொடை கொடுத்தவர்கள் மெல்ல மெல்லக் கையை இழுத்துக்கொண்டார்கள். எங்களுக்குப் பல ஆண்டுகளாகத் துணை நின்ற ஒரு நிறுவனம் இனிப் புதுவிதமாகச் செய்யப்போகிறோம் என்று சொல்லி, ஓர் இளம்பெண்ணை எங்களிடம் அனுப்பியது. மரியாதையான பெண். மாடிப்படி ஏறி வந்து, ஒத்தை ஒத்தையாக இருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, நாங்கள் செய்வதை எல்லாம் கேட்டாள். கடைசியில், "ஊருக்குப் போனவங்களுக்கு ஃபோன் பண்றீங்க, சரி. அதோட இம்பேக்ட் என்னன்னு எப்படி மெஷர் பண்றீங்க, ஆண்ட்டி?" என்றாள்.

நான் யோசித்தேன். "நாங்க கூப்ட்டா எடுக்குறாங்க," என்றேன்.

அவள் சிரித்தபடி அதை எழுதிக்கொண்டாள். கொஞ்ச நாளில் மின்னஞ்சல் வந்தது. இனி திறன் பயிற்சி கொடுக்கும் அமைப்புகளுக்கு மட்டும் உதவுவதாக முடிவெடுத்திருக்கிறார்களாம். எந்த அமைப்பு என்று அவர்கள் சொல்லவில்லை. அவளுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் அந்த நிறுவனத்துக்கு நன்றி சொல்லிப் படம் போட்டிருந்தார்கள். படத்தில் அந்த மரியாதையான பெண்ணும் இருந்தாள். அதே ஒரே நிற நாற்காலிகளில்.

அறையை விடவேண்டியதாயிற்று. சாமான்கள் என் வீட்டு விருந்தாளி அறைக்கு வந்து சேர்ந்தன. தலைவர் மட்டும் கலங்கவில்லை. "நம்ம ஆளுங்களுக்கு ரூம் தெரியாது. நம்ம குரல்தான் தெரியும்," என்றார். எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் என் அடுக்குமாடி புளோக்கின் கீழே, சுவரில்லாமல் திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கில் இருக்கும் கல் மேசைகளில் உட்கார்ந்து ஃபோன் செய்ய ஆரம்பித்தோம். கிராஞ்சி ஊழியர் தங்குவிடுதியிலிருந்து சிலர் பேருந்து பிடித்து வந்தார்கள். லிட்டில் இந்தியாவுக்குப் பழகிய தொண்டூழியர்களில் பாதிப்பேர் வரவில்லை. தினமும் அங்கே உட்காரும் சீனப் பாட்டி ஒருவர், நாங்கள் காப்புறுதி பாலிசி விற்கிறோமா என்று கேட்டார். நான் வெட்கப்பட்டேன். தலைவர் அவருக்கும் பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

கிராஞ்சியிலிருந்து வந்தவர்களில் அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவர். முதல் அறுவை சிகிச்சை முடிந்து கண் திறந்தபோது பக்கத்தில் இருந்தவள் நான். ஊன்றுகோலோடு முதன்முதலாக நடந்தபோது அவருடைய மறு கையைப் பிடித்திருந்தவளும் நான்தான். அவருடைய மனைவிக்கு முதலில் ஃபோன் செய்து, பதறாமல் கேளுங்கம்மா என்று சொன்னவளும் நானே. இப்படி நான் நானென்று கணக்கு வைத்துக்கொள்வது அசிங்கம்தான். ஆனால் அப்போது வைத்துக்கொண்டேன்.

சில வாரங்கள் அவர் வரவில்லை. பிறகு ஒரு நாள் காலை, காப்பி கொதித்துக்கொண்டிருக்கையில், அவளுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். கணினி வகுப்பு முடித்த சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததில்லை. விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். பின்னால் அவள் நின்றாள், அவருடைய ஊன்றுகோலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு. காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது.

ஃபோன் செய்து கேட்டேவிட்டேன். எங்கே ஆளையே காணோம் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "அங்க புதன்கெழமையும் தொறந்திருக்காங்கக்கா. வேலையில்லாம ரூம்ல படுத்தே கெடந்தா கிறுக்குப் பிடிக்குது. ஞாயித்துக்கெழம வரைக்கும் எப்படிக்கா இருக்கிறது?" என்றார்.

நியாயமான பதில். நியாயமாக இருந்ததாலேயே எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

அவருக்குத் தொடையில் வைத்த தகட்டில் ஏதோ கோளாறு என்று மறுபடி அறுவை செய்தார்கள். மறுநாள் பார்க்கப் போனேன். ரசம் சாதமும் பருப்புத் துவையலும் கட்டிக்கொண்டேன். வழியெல்லாம் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அவள் பெரிய ஆளாகிவிட்டாள், கூட்டம், விருந்து, மேடை என்று அலைகிறாள், கட்டிலருகே வந்து உட்கார அவளுக்கு இப்போது ஏது நேரம். யாராவது ஒரு மாணவியை அனுப்புவாள். இந்த ஒன்றில் நான்தான் அவளுக்கு மேல். பல மாதங்களாக அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்கினேன்.

வார்டில் திரையை விலக்கினால் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பழைய பருத்திச் சுடிதார். காலணியைக் கழற்றிவிட்டு, கட்டில் கம்பியில் காலை வைத்துக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா வா, உன்னத்தான் பேசிக்கிட்டு இருந்தோம்," என்றாள். முகம் முழுக்க மகிழ்ச்சி. அதில் துளி நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

அவள் எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தம்பி "அக்கா" என்று கூப்பிட்டபோதெல்லாம் இருவரும் திரும்பினோம். அவர் என் சாதத்தையும் சாப்பிட்டார், அவளுடைய ஆரஞ்சையும் சாப்பிட்டார். துவையல் நன்றாக இருக்கிறது என்று அவரைவிட அவள்தான் அதிகம் சொன்னாள். செய்முறை கேட்டாள். நான் சொன்னேன், பூண்டை மட்டும் விட்டுவிட்டு.

வெளியே வந்ததும், "ரயில்லதானே போற? வா, சேந்தே போவோம்," என்றாள். மறுக்கக் காரணம் தேடினேன், அகப்படவில்லை. வெகுநாள் கழித்து வடக்கே போகும் ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பற்றி, முட்டி வலியைப் பற்றிப் பேசினோம். பிறகு அவள் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு நிதி கொடுப்பவர்களும் அடுத்த ஆண்டைப் பற்றி வாய் திறக்கவில்லையாம். வேலைக்கு வைத்திருந்தவர்களில் இருவரை அனுப்பிவிட்டாளாம். இடத்தின் ஒப்பந்தம் முடிந்தால் புதுப்பிப்பார்களா என்று தெரியவில்லையாம்.

அதைக் கேட்டு எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எழுந்தது. உண்மையைச் சொல்வதென்றால் பீஷான் நிலையம் வருவதற்குள் அது அணைந்துவிட்டது. அவள் கடை மூடினால் அந்தத் தம்பி புதன்கிழமை எங்கே போவார் என்ற நினைப்புதான் அணைத்தது.

"நீ இன்னும் ஊருக்குப் போனவங்களுக்கு ஃபோன் பண்றியா?" என்று கேட்டாள்.

"பண்றோமே."

"எங்கிட்ட படிச்சிட்டுப் போனவங்க போனதோட சரி. சர்டிபிகேட்ட வச்சி என்ன செஞ்சாங்க, வேல கெடச்சுதா, ஒண்ணும் தெரியல. அன்னிக்கு ஒருத்தர் பேரு ஞாபகம் வந்துச்சு. உசுரோட இருக்காரான்னுகூட எனக்குத் தெரியலயே லா." மடியிலிருந்த பையை இழுத்து வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழமல பின்னாடி ரூம் சும்மாதான் கெடக்கு. நீங்க எல்லாம் வந்து அங்க உக்காந்து பேசுங்களேன். எங்காளுங்களுக்கும் சேத்து," என்றாள்.

எனக்குக் காது சூடேறியது. தொண்டூழியர் போனார்கள், நிதி போனது, அறை போனது, தம்பியும் போனார். மிச்சமிருந்தது அந்த ஃபோன் அழைப்புகள்தான். அதையும் தன் கண்ணாடிக் கதவுக்குள் கொண்டுபோகப் பார்க்கிறாள். தலைவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உட்லண்ட்ஸில் இறங்கும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். தலைவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நம்பிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.

தலைவர், "ஏர்கான் இருக்குல்ல?" என்று கேட்டார்.

நான் என் ஆட்சேபணைகளை அடுக்கினேன். நம் பெயர் காணாமல் போய்விடும், அவர்கள் ஆட்களோடு நம் ஆட்கள் கலந்துபோவார்கள், நாளைக்கு எல்லாம் அவர்கள் செய்ததாகிவிடும். அவர் பொறுமையாகக் கேட்டார். "மழ பேஞ்சா வாய்ட் டெக்ல ஒண்ணும் கேக்க மாட்டேங்குதும்மா. போன வாரம் ஒரு ஆளு ஊர்லேர்ந்து ஹலோ ஹலோன்னு கத்திட்டு வச்சிட்டாரு. பேரு யாருதா இருந்தா அவருக்கு என்ன?" என்றார். பிறகு, எனக்காகத்தான் இருக்கவேண்டும், "ஒரு அலமாரி மட்டும் தனியா கேளு. பூட்டோட," என்றார்.

போனோம். அவள் பூட்டோடு அலமாரி தயாராக வைத்திருந்தாள். அதன்மேல் எங்கள் அமைப்பின் பெயரை, எங்களிடம் எப்போதும் இருந்ததைவிட அழகான எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தாள். நன்றி சொன்னேன். அவளுடைய பெயர்ப்பலகைக்குக் கீழே நுழைந்து போகும் ஒவ்வொரு ஞாயிறும் என் வாய் கசந்தது. ஆனால் எங்கள் பழைய மாடிப்படி ஏற முடியாமல் வராமல் இருந்தவர்கள் வந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் நேராக உள்ளே வந்து எங்கள் மேசையருகே நின்றார். போன தொண்டூழியர்கள் திரும்ப வந்தார்கள். அவளிடம் வந்தார்களா எங்களிடம் வந்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த மாணவிகள் ஃபோனில் பேசக் கற்றுக்கொண்டார்கள். முதல் தடவை ஒருத்தி, "வணக்கம், நலமா இருக்கிறீர்களா?" என்று பள்ளிக்கூடத் தமிழில் கேட்டதற்கு மறுமுனையில் இருந்தவர் கவர்ன்மென்ட் ஆபீஸ் என்று பயந்து வைத்துவிட்டார். இந்தத் தடவை அவர்களுக்கு டீயில் இஞ்சி போட்டேன்.

ஒரு ஞாயிறு, மன்னார்குடிப் பக்கம் திரும்பிப் போன பழைய ஆள் ஒருவர் வீடியோவில் வந்தார். எங்கள் மாடி அறையில் பல மாதம் உட்கார்ந்திருந்தவர். ஃபோனைச் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினேன். நாற்காலிகளையும் வெள்ளைச் சுவரையும் பார்த்துவிட்டு, "புது ஆபீசாக்கா? வளந்துட்டீங்க," என்றார். பின்னால் அவள் நின்றிருந்தாள், கேட்டிருப்பாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க வைத்திருந்தவரையும் அனுப்பியாகிவிட்டது. அவள் தரை துடைத்தாலும் ஒழுங்காக, மூலைமுடுக்கெல்லாம் துடைப்பாள். எனக்கு அதுவும் பொறுக்காது.

இடத்தின் ஒப்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. போன மாதம் இருவரும் சேர்ந்து ஓர் அறக்கட்டளைக்குப் போய்ப் பேசினோம். ஊருக்குப் போனவர்களோடு தொடர்பு வைத்திருப்பதைப் பற்றி அவர்கள் நிறையக் கேட்டார்கள். அதற்கு நான்தான் பதில் சொன்னேன். திக்கித் திக்கிச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. வெளியே வந்து, "நல்லா சொன்ன," என்றாள். அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. பதில் வரும் வரை இங்கே இருப்போம், வராவிட்டால் மறுபடி என் புளோக்குக் கீழே என்கிறார் தலைவர். சீனப் பாட்டிக்கும் சொல்லி வைத்திருக்கிறாராம்.

அறந்தாங்கித் தம்பி ஊருக்குப் போய்விட்டார். வழியனுப்ப இருவரும்தான் போனோம். அடுத்த ஞாயிறு அவருக்கு நான்தான் ஃபோன் செய்வேன் என்று முன்கூட்டியே மாணவிகளிடம் சொல்லி வைத்திருந்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். முதலில் மனைவி பேசினார், பிறகு அவர். ஊன்றுகோல் இல்லாமல் தெருமுனைக் கடை வரைக்கும் போய் வந்தாராம். பக்கத்து ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கணினியில் உட்கார ஆள் தேடுகிறார்களாம், போய்ப் பார்க்கப்போகிறாராம். எனக்கு நெஞ்சு நிறைந்தது. மருந்தைப் பற்றிக் கேட்டேன், குழந்தையைப் பற்றிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவர், "அக்கா இல்லையா?" என்றார்.

"அக்காதான் தம்பி பேசுறேன்."

"இல்லக்கா. அந்த அக்கா."

ஃபோனைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். "என்னா சாப்டீங்க?" என்று தொடங்கியதுமே மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் என் மேசைக்குத் திரும்பி, இன்னொரு ஃபோனை எடுத்து அடுத்த ஆளின் எண்ணை அழுத்தினேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவர் எடுத்து ஹலோ சொல்லும் வரை என் காது முழுக்க அவள் பேச்சில்தான் இருந்தது.